ஓடாத பூச்சிகள்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். அவளுக்குப் பிடிக்காத இடம் வந்தால் பேனாவை வைத்துவிட்டு, "அப்படியா நான் சொன்னேன்?" என்று கேட்கிறாள். சொன்னாள். அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

சங்கதி ஒரு பச்சோந்தியைப் பற்றியது. எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் ஓணானை ஒடக்கான் என்போம். பச்சோந்தியும் எனக்கு ஒடக்கான்தான், கொஞ்சம் வசதியான ஒடக்கான். அமெரிக்காவில், லிவர்மோரில் மகள் வீட்டு ஹாலில், டீவிக்குப் பக்கத்தில், வலை அடித்த உயரமான கூண்டில் அது குடியிருந்தது. உள்ளே ஒரு தொட்டிச்செடி, நாலைந்து குச்சி, தலைக்கு மேல் தனியாக ஒரு விளக்கு. எங்கள் ஊரில் மாட்டுக்கொட்டகைக்கே விளக்கு போட்டது பிற்பாடுதான்.

மகளின் முதல் பிரசவத்துக்காகப் போயிருந்தேன். ஏர்போர்ட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் அந்த வீட்டில் என்னை விசாரித்த முதல் முகம் அதனுடையது. ஒரு கண் என்னைப் பார்த்தது. இன்னொரு கண் என் பெட்டியைப் பார்த்தது. என் நாத்தனார் பார்வை அப்படியே. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சிரிக்காதம்மா," என்றாள் மகள். நிறைமாதம், நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கியது. "அது வந்த நேரமே சரியில்ல."

மாப்பிள்ளையோடு வேலை பார்த்த ஒருவர் வளர்த்ததாம் அது. அவருக்கு வேலை போய் ஊருக்குக் கிளம்பும்போது இவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு அதைக் கொடுத்தவரும் அதே மாதிரி வேலை போய்த்தான் கிளம்பினார் என்று யாரோ மகள் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு அது வெறும் ஒடக்கான் இல்லை. கைமாறி கைமாறி வீடு தேடி வருகிற சனி.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் அது, கம்ப்யூட்டர் கம்பெனியெல்லாம் ஆளைக் குறைத்த நேரம். சனிக்கிழமை கோயிலுக்குப் போனால் பெண்கள் ஒருவரையொருவர் விசாரிப்பதே, "வீட்டுக்காரருக்கு வேலை இருக்குதுங்களா?" என்றுதான். என் காலத்தில் மழை பெய்ததா என்று கேட்போம்.

நான் புறப்படுவதற்கு முன் மாப்பிள்ளை போனில் என்னிடம் கேட்டது இரண்டே சாமான். "அத்தை, கடலை மிட்டாய் கொண்டாங்க. அப்பறம் எறும்புச் சாக்பீஸ். எல்லாக் கடையிலும் விக்குமே, அது. இங்க எறும்புத் தொல்லை தாங்கலீங்க."

அந்தச் சாக்பீஸ் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பார்க்கப் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் போலவே வெள்ளையாக இருக்கும். சர்க்கரை டப்பாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டால் எறும்பு அண்டாது. துணிந்து தாண்டிய எறும்பு கொஞ்ச தூரம் போய்க் கால் பின்னி விழுந்துவிடும். புடவை மடிப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோனேன். கடலை மிட்டாயை மாப்பிள்ளை ஒரே நாளில் முடித்தார். சாக்பீஸை மகள் சமையலறை அலமாரியில் வைத்து, அங்கே மட்டும் கோடு போட்டுவந்தாள்.

பேத்தி பிறந்தாள். நல்ல நிறம், நல்ல குரல், என் மாமியார் மூக்கு. அதை மட்டும் யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானாகவே கண்டுபிடித்தேன். குழந்தைக்குத் தலை நிற்கத் தொடங்கிய சமயத்தில், ஒருநாள் நடுமத்தியானம் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் அவருடைய காபிக் கோப்பை, ஒரு ஸ்வெட்டர், பிள்ளையார் ஒருத்தர். மகள் பெட்டியைப் பார்த்தாள், பிறகு கூண்டைப் பார்த்தாள்.

அங்கே வேலை போனால் வேலை மட்டும் போவதில்லை, இருக்கிற உரிமையும் கூடவே போய்விடும். சீக்கிரம் இன்னொரு கம்பெனி பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கைக்குழந்தையோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். மாப்பிள்ளை முதலில் கொஞ்ச நாள் ராத்திரி பகல் பாராமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அப்ளை பண்ணினார். பதில் வராமல் போகப் போக, படுக்கையை விட்டு எழுந்திருப்பதே குறைந்தது. குழந்தையைத் தூக்கக்கூடப் பயந்தார். ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் காலையில் தவறாமல் எழுந்து வருவார். அந்தச் செடியின் இலைகளில் தண்ணீர் தெளிக்க. ஒடக்கான் கிண்ணத்தில் வைத்தால் குடிக்காது, இலையில் சொட்டுவதைத்தான் நக்கும். அவர் தெளிப்பார், அது நக்கும், அவர் பார்த்துக்கொண்டு நிற்பார். அதன் பிறகுதான் பல் தேய்ப்பார், காபி குடிப்பார், இரண்டு வார்த்தை பேசுவார்.

அப்படி ஒரு காலையில்தான் மகள் வாயை விட்டாள். "அது செத்தாத்தான் உங்களுக்கு வேலை கெடைக்கும். எழுதி வெச்சுக்கோங்க."

இங்கேதான் பேனாவை வைத்துவிட்டாள். எழுது கண்ணு, எழுது. நீ சொன்னாய்.

மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். ஆனால் அவர் முதுகைப் பார்த்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. அந்த ஜீவனுக்கு ஏதாவது ஆனால் இந்த மனிதர் மறுநாள் எழுந்திருக்க மாட்டார்.

வளர்ப்புப் பிராணிகள் விற்கிற பெட் ஷாப்பில் உயிரோடு சில்வண்டு விற்கும். அதுதான் அதன் சாப்பாடு. வேலை போனதும் மாப்பிள்ளை கடைக்குப் போவதைக் குறைத்தார். ஒருநாள் வெறும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி நின்றார். நான் சும்மா இருப்பேனா?

"பூச்சிதானுங்களே மாப்ள, நான் புடிச்சுத் தாரேன்."

"வேண்டாங்க அத்தை. வெளிப்பூச்சி குடுக்கக் கூடாதும்பாங்க. எங்கெங்க மருந்தடிச்சிருப்பாங்களோ."

"மருந்தப் பத்தி எனக்கா சொல்றீங்க?"

பருத்திக்காட்டில் வளர்ந்தவள் நான். மருந்தடித்த மறுநாள் காட்டுக்குள் போனால் ஒரு சத்தம் இருக்காது. மைனா, கவுதாரி எல்லாம் புழுவைத் தின்றுவிட்டு வரப்போரம் கிடக்கும், கால் மேலே பார்க்க. அந்த நாற்றம் என் மூக்கில் இன்னும் இருக்கிறது. அதனால் நான் கண்டபடி பிடிக்கவில்லை. அபார்ட்மெண்ட் புல்தரையில் சில நாள் சின்னச் சின்னக் கொடி நட்டிருப்பார்கள், மருந்து போட்டிருக்கிறோம் என்று அர்த்தம். கொடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் புல்பக்கம் நான் திரும்பவே இல்லை. பின்பக்கத்தில் மலைச்சரிவு, யாரும் தண்ணீர்கூட விடாத காய்ந்த புல். அங்கே வெட்டுக்கிளி. சாயங்காலம் பால்கனி விளக்குக்கு வருகிற விட்டில். அவ்வளவுதான்.

பிடிப்பது லேசில்லை. அந்த ஊர் வெட்டுக்கிளிக்குக் காலில் சுருள்கம்பி. நான் முந்தானையை விரித்துக்கொண்டு சரிவில் ஓடுவதைப் பார்த்து, நாயோடு நடக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் நின்று கையசைத்தார். நானும் அசைத்தேன். நாய் குரைத்தது. கோயிலுக்குப் போனபோது வெளியே காய்ந்த புல்லில் இரண்டு கிடைத்தது, விட மனசில்லை, முந்தானையில் முடிந்துகொண்டேன். அர்ச்சனை வரிசையில் நிற்கும்போது முடிச்சு அவிழ்ந்து, ஒன்று குதித்து முன்னால் நின்ற அம்மாவின் பட்டுப்புடவைத் தோளில் உட்கார்ந்தது. அந்த அம்மா போட்ட கூச்சலில் குருக்கள் மந்திரத்தையே விட்டுவிட்டார். மாப்பிள்ளை, வேலை போன பிறகு முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தார். அது போதாதா எனக்கு? ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, மூடியில் ஓட்டை போட்டு, இன்னும் மும்முரமாக இறங்கினேன்.

ஆடி மாத வெயில் ஏறியதும் எறும்பு பால்கனி வழியாகப் படையெடுத்தது. கதவுக்கடியில் புகுந்து, சுவரோரமாகப் போய், குழந்தையின் பால் பாட்டில் வரை வந்துவிட்டது. மகள் சாக்பீஸை எடுத்தாள். இதுவரை அலமாரிக்குள் இருந்த கோடு பால்கனிக்கு வந்தது. கதவு ஓடுகிற தடத்தில் ஒன்று, சுவரில் விளக்குக்குக் கீழே ஒன்று, துளசித் தொட்டியைச் சுற்றி ஒரு வட்டம். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு உட்கார்ந்து புதுப்பிப்பாள். அந்த ஊரில் வாசலில் கோலம் போட வழியில்லை, நடைபாதை எல்லாருக்கும் பொது. கை சும்மா இருக்குமா? துளசியைச் சுற்றிய வட்டத்துக்கு இதழ் வைத்தாள், நாலு மூலையிலும் ஒரு சுழி போட்டாள். பார்க்க அத்தனை லட்சணம். சூடம் காட்டிக் கும்பிட்டோம்.

கோலத்துக்கு வருகிற எறும்பு தின்றுவிட்டுப் போகும் என்றுதானே நாம் வளர்ந்தது? அது என்ன கோலம் என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாரத்திலிருந்து பூச்சி பிடிப்பது சுலபமாகிவிட்டது.

நான் சரிவுக்குப் போவதையே விட்டேன். எதற்குப் போக வேண்டும்? காலையில் பால்கனிக் கதவைத் திறந்தால், தடத்தோரமாக இரண்டு விட்டில், துளசியடியில் ஒரு நீளக்கால் பூச்சி, சில நாள் ஒரு சில்வண்டு. கையை நீட்டினால் பறக்காது. இரண்டு விரலால் இறகைப் பிடித்துத் தூக்கலாம், பூப்பறிப்பது போல. பாட்டிலுக்குள் போட்டாலும் ஓடாது. இருந்த இடத்திலேயே நின்று மெல்ல நடுங்கிக்கொண்டிருக்கும்.

"பாரு அம்மிணி, அமெரிக்கப் பூச்சிக்கும் வயசானவங்கன்னா மரியாதை இருக்குது," என்று பெருமையாகக் காட்டினேன்.

"பாட்டில பக்கத்துல கொண்டாராதம்மா, எனக்குக் கூசுது," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்திருந்தாளானால்.

ஒடக்கானுக்கும் கொண்டாட்டம்தான். அது செத்த பூச்சியைத் தொடாது, அசைகிறதைத்தான் அடிக்கும். அசையவும் செய்து, ஓடவும் ஓடாமல் நிற்கிற பூச்சியைவிட அதற்கு வசதி வேறென்ன வேண்டும்? நாக்கை ஒரே வீச்சு. மாப்பிள்ளை இடுக்கியால் ஒவ்வொன்றாகக் காட்டுவார், அது ஒவ்வொன்றாக வாங்கும். "அத்தை வந்த யோகம், நம்மாளு தெனமும் விருந்து சாப்பிடறான்," என்பார்.

முதலில் மாறியது நிறம். பளிச்சென்ற பச்சை, மேலே மஞ்சள் வரி என்று இருந்தது, ஒரு காலையில் காய்ந்த சாணி நிறத்துக்கு வந்திருந்தது. விளக்குக்குக் கீழேயே உட்கார்ந்தும் பச்சை திரும்பவில்லை. அப்புறம் பகலிலேயே கண்ணை மூட ஆரம்பித்தது. ஒரு கண்ணாவது ஊர் சுற்றிக்கொண்டிருக்கிற ஜீவன் அது. இரண்டையும் மூடிக்கொண்டு, உச்சிக் குச்சியை விட்டு ஒவ்வொரு குச்சியாகக் கீழே இறங்கி வந்தது. பின்னங்கால் குச்சியைப் பிடிக்கும், நழுவும், மறுபடி பிடிக்கும்.

"உடம்புக்கு என்னமோ பண்ணுதுங்க மாப்ள. இன்னும் நல்லாச் சாப்பிடோணும்," என்று நான் அதிகமாகப் பிடித்தேன்.

"எல்லாம் என் நேரம்," என்றார் அவர்.

மகள் கேட்டுக்கொண்டே குழந்தையின் துணியை மடித்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. தான் சொன்ன வார்த்தை கூண்டுக்குள் போய் வேலை செய்வதைப் பார்ப்பவள் போல, பயம்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளைக்குப் போனில் இண்டர்வியூ. போனில் பேசுவதற்குச் சட்டையைப் பேண்டுக்குள் விட்டு, பெல்ட் போட்டு, விபூதி வைத்துக்கொண்டு படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தம் போடக்கூடாது என்று உத்தரவு. குழந்தையை வெளிச்சத்துக்காகப் பால்கனிக் கதவுக்குச் சற்றுத் தள்ளி விரிப்பில் போட்டிருந்தோம். புதிதாகக் குப்புற விழப் பழகியிருந்தாள். விழுவாள், தலையைத் தூக்குவாள், விரலைச் சப்பிக்கொண்டே வெளிச்சத்தைப் பார்த்து நகர முயற்சி பண்ணுவாள்.

மகள் கதவுத் தடத்தருகே மண்டிபோட்டுக் கோட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். அவள் கைக்கு முன்னால் ஒரு பழுப்பு விட்டில் மல்லாந்து கிடந்து, தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருந்தது, பம்பரம் மாதிரி. நான் பாட்டிலோடு போய்க் குனிந்தேன்.

"அம்மிணி, கையை எடு. அதைப் புடிச்சுக்கறேன்."

அவள் கை நின்றது. விட்டிலைப் பார்த்தாள். தன் விரலில் இருந்த சாக்பீஸைப் பார்த்தாள். பிறகு என் பாட்டிலைப் பார்த்தாள். அதற்குள்ளே இரண்டு பூச்சி ஓடாமல் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அம்மா... இங்கிருந்தா புடிச்சுக் குடுக்கற?"

"இங்கதான். சரிவுக்கு ஆரு போறாங்க இப்ப?"

"எத்தன நாளா?"

எனக்கு அப்போதும் எட்டவில்லை. அவள் சாக்பீஸால் கோட்டைக் காட்டினாள். கோட்டிலிருந்து விட்டில் வரைக்கும் பொடியில் ஒரு தடம், இறகு இழுத்துக்கொண்டு போன தடம். பருத்திக்காட்டின் அந்த நாற்றம் அந்த நிமிஷம் எங்கிருந்தோ என் மூக்குக்கு வந்தது.

எங்களுக்குப் பின்னால், கூண்டுக்குள், பழுத்த பப்பாளி விழுவது போல மெத்தென்று ஒரு சத்தம்.

மாப்பிள்ளையின் குரல் கதவுக்கு அந்தப்பக்கம் கேட்டது. "யெஸ், யெஸ், அப்சல்யூட்லி." சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்.

நான் கூண்டைத் திறந்து அதை எடுத்தேன். முன்பெல்லாம் விரலைக் கொடுத்தால் அந்தச் சின்னக் கை இரண்டாகப் பிரிந்து கிடுக்கி போலப் பிடிக்கும். இப்போது என் விரலைப் பிடிக்கப் பார்த்தது, முடியவில்லை. உடம்பு முழுக்க உள்ளுக்குள்ளே ஓடுகிற ஒரு நடுக்கம். பாட்டிலில் இருந்த பூச்சிகள் எப்படி நடுங்கினவோ, அதே நடுக்கம்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரகசியமாகத்தான் பேசினாள். "நான் வேணும்னே பண்ணிட்டேன்னு நெனப்பாரும்மா. செத்தாத்தான் வேலை கெடைக்கும்னு சொன்னேனே."

"நெனக்க மாட்டாரு."

"நானா இருந்தா நெனப்பேன்."

கதவு திறந்தது. மாப்பிள்ளையின் முகம் அப்படி விளங்கி நான் பார்த்ததே இல்லை. "அத்தை, அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிடறோம்னு..." என்று ஆரம்பித்தவர் என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

உடனே காரில் கிளம்பினோம். மலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாம்பு, பறவை, ஒடக்கானெல்லாம் பார்க்கிற டாக்டர் அம்மா ஒருத்தர் இருந்தார். ஒடக்கான் ஒரு டப்பாவில் துணிமேல் கிடந்தது, என் மடியில். நான் "மாப்ள..." என்று வாயெடுத்தேன். "இப்ப வேண்டாங்க அத்தை, நான் ஓட்டோணும்," என்றார். குழந்தைச் சீட்டுக்கு அந்தப்பக்கத்தில் மகள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டாக்டர் அறையில் நடந்த பேச்சு இங்கிலீஷ். எனக்கு மகள் பிற்பாடு சொன்னதுதான். ஆனால் முகங்களைப் பார்க்கப் பாஷை எதற்கு? டாக்டர் அம்மா அதன் வாயைத் திறந்து பார்த்தார், விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். பால்கனிப் பூச்சி என்றார் மாப்பிள்ளை. மருந்தடித்த புல்லா? இல்லை, என் அத்தை அந்தப் புல்பக்கம் போகவே மாட்டார். வீட்டில் ஏதாவது ஸ்பிரே? ஒன்றுமே இல்லை, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, நாங்கள் எதுவும் அடிப்பதில்லை. டாக்டர் கையை விரித்தார். இது ஏதோ விஷம், என்னவென்று தெரிந்தால் அதற்கேற்ற மாதிரி பார்க்கலாம், தெரியாவிட்டால் நான் தடவித்தான் பார்க்க வேண்டும்.

மகள் எழுந்தாள். கைப்பைக்குள் கையை விட்டாள். பாதி தேய்ந்த சாக்பீஸையும் அந்தப் பாக்கெட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒடக்கானுக்குப் பக்கத்தில். அப்புறம் மாப்பிள்ளையைப் பார்க்காமல், டாக்டரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மாப்பிள்ளை பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் அம்மா தொடவில்லை. உறை மாட்டிக்கொண்டுதான் எடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு மகளின் விரல்களைப் பார்த்தார். நகத்தோரமெல்லாம் வெள்ளை. அந்தக் கையை அப்படியே தொடர்ந்து போன பார்வை, இடுப்பில் இருந்த குழந்தையிடம் வந்து நின்றது. குழந்தை அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்னது ஒரு வார்த்தைதான். அதை நானே புரிந்துகொண்டேன். மூலையில் இருந்த தண்ணீர்க் குழாயைக் காட்டினார். நான் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டேன். மகள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள், கழுவினாள், நிறுத்தவே இல்லை. அதன் பிறகு குழந்தையின் கை, வாய் எல்லாவற்றையும் கழுவினோம். குழந்தை தரையில் இருக்கிறாளா, கோட்டுக்கு எவ்வளவு கிட்டத்தில், ஏதாவது சுணக்கம் தெரிகிறதா, உடனே குழந்தை டாக்டருக்கும் போன் பண்ணுங்கள் என்று ஒடக்கான் டாக்டர் எங்கள் பேத்தியைப் பற்றித்தான் வெகுநேரம் பேசினார். போன் பண்ணினோம். குழந்தைக்கு ஒன்றுமில்லை. பால் குடித்துவிட்டுத் தூங்கினாள். ஆனால் ஒடக்கான் மட்டும் அன்றைக்கு விழாமல் இருந்திருந்தால், கோடு கோடாகவே இருந்திருக்கும். பேத்தி தவழ்ந்துகொண்டு அதன்மேல் போயிருப்பாள்.

ஒடக்கானைக் கழுவி, ஊசியில் தண்ணீர் ஏற்றி, நடுக்கத்துக்கு மருந்து கொடுத்தார்கள். இப்போதைக்குச் சாப்பாடே கூடாது, வெளிப்பூச்சி எப்போதும் கூடாது என்றார் டாக்டர். கடைச் சில்வண்டு எங்கே வளர்ந்தது, என்ன தின்றது என்று தெரியும். மின்மினி மாதிரிச் சிலது பிறவியிலேயே விஷமாம். மற்றவை எந்தத் தோட்டத்தில் நடந்துவிட்டு வந்தன என்று யாருக்குத் தெரியும்? பிழைக்குமா என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.

காருக்கு வந்ததும் மகள் கதவைத் திறக்காமல் நின்றாள். "நான் வேணும்னு பண்ணலீங்க."

அவர் டப்பாவை என் கையில் கொடுத்தார்.

"அன்னிக்கு அப்படிச் சொன்னது வாய் தவறி. ஆனா இது..."

"சாக்பீஸ் கொண்டாரச் சொன்னது ஆரு?" என்றார் அவர்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது மாமியாருக்கு அழகா?

"நான்தானே," என்றார். "எறும்புக்குன்னு நான் கேட்டேன், அத்தை கொண்டாந்தாங்க. நீ போட்டே, அத்தை புடிச்சாங்க, நான் ஊட்டினேன். ஒரு கை கொறையாம எல்லாரும் சேர்ந்துதான் பண்ணியிருக்கறோம்."

"நான் அதைச் சாகச் சொன்னேனுங்க."

"நீ தெனமும் வெளக்குப் போட்டு நல்லா இருக்கோணும்னு கும்பிட்ட கம்பெனியே நிக்கல. நீ திட்டினதுக்கு இது சாகப் போகுதாக்கும்? ஏறு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் டப்பாவுக்குள் பார்த்தேன். அது ஒரு கண்ணைப் பாதி திறந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை சட்டைகூட மாற்றவில்லை. இண்டர்வியூவுக்குப் போட்ட பெல்ட்டோடு மண்டிபோட்டு, பழந்துணியை நனைத்து, கையில் உறை மாட்டிக்கொண்டு கதவுத் தடத்தைத் துடைத்தார். மகள் துளசியைச் சுற்றிய இதழ்களைத் துடைத்தாள். சமையலறை, அலமாரி, சுவரோரம், ஒரு கோடு விடவில்லை. மீதிப் பாக்கெட்டுகளை அப்படியே பைக்குள் கட்டி, விஷக் குப்பை வாங்குகிற இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். செடியை மாற்றி, குச்சிகளைக் கழுவினார். ஊறுகாய் பாட்டிலை நான் தூக்கிப் போட்டேன். நல்ல பாட்டில் அது.

பிறகு காத்திருப்புதான். ஒடக்கான் அசையாமல் கிடந்தது, நிறம் வரவில்லை. மாப்பிள்ளை மருந்து சொட்டும் குழலால் வாயோரம் தண்ணீர் வைப்பார். பாதி உள்ளே போகும், பாதி வழியும். வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை, ஏதோ பெரியவர் படுத்திருக்கிற வீடு போல. மகள் பூஜையில் அதற்கும் சேர்த்து விபூதி எடுத்து வந்து கூண்டின் கதவில் வைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். ஒருநாள் காலையில் மாப்பிள்ளை எழுந்து வரவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தால், குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவளைத் தூக்கப் பயந்த மனிதர்.

அன்று இலைக்கு நான்தான் தண்ணீர் தெளித்தேன். சொட்டு ஒன்று இலை நுனியில் வந்து தொங்கியது. கீழ்க் குச்சியில் கிடந்தது தலையைத் தூக்கி, அந்தச் சொட்டை நக்கியது.

நான் போட்ட கூச்சலில் குழந்தை எழுந்து அழுதது.

அது பிழைத்தது. முழுசாக என்று சொல்ல மாட்டேன். இடது பின்னங்கால் கடைசி வரை சரியாகப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை குச்சிகளையெல்லாம் தாழ்வாக வைத்து, கீழே மெத்தையாகத் துணி விரித்தார். வேலை வந்தது நான் ஊர் திரும்பிய பிறகு. அதுவரை அவர் காலையில் எழுந்தார், அது எனக்குத் தெரியும்.

கோடுகள் போன மறுவாரமே எறும்பு திரும்பி வந்தது. சமையலறையிலிருந்து மகளின் குரல் கேட்டது. "அம்மா, வந்துடுச்சு!" போய்ப் பார்த்தோம். சுவரோரமாக ஒரு வரிசை, ஒன்றன்பின் ஒன்றாக, தள்ளாடாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, துடைக்காமல் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று பால்கனியில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். சுவரில் ஒரு பழுப்பு விட்டில் உட்கார்ந்திருந்தது. பழக்கம் விடுமா, கை தானாக நீண்டது. விரல் கிட்டப் போனதும் அது விருட்டென்று எழும்பி, என் மூக்கை உரசிக்கொண்டு, மலைச்சரிவுப் பக்கம் பறந்தே போய்விட்டது.

நான் சிரித்த சிரிப்பில் மகள் குழந்தையோடு ஓடி வந்தாள். "என்னம்மா, என்னாச்சு?"

"தப்பிச்சு ஓடிப் போச்சு, கண்ணு," என்றேன்.